தாளத்துக்கும் ஆசிரியர் உண்டு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பகுதி ஊர்களின் பெயரைச் சொன்னாலே கேட்பவர் மனத்தில் தோல் வந்து நிற்கும். அந்தத் தோலைப் பற்றி இங்கே நிறையப் பேசியாயிற்று. ஏற்றுமதிக் கணக்காகப் பேசியிருக்கிறோம், கூலிக் கணக்காகப் பேசியிருக்கிறோம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாளிலிருந்து ஆற்று நீரின் கணக்காகவும் பேசிவருகிறோம். தோலுக்கு ஒலிக்கணக்கு ஒன்றும் உண்டு. அதைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு நான் வைக்கும் முதல் சான்று நம் மண்ணில் பிறந்தது இல்லை. 1947 டிசம்பர் 30ஆம் நாள் நியூயார்க்கில் பதிவான 'மாண்டேகா' என்னும் ஜாஸ் உருப்படி அது. லத்தீன் அமெரிக்கத் தாளமும் நவீன ஜாஸ் இசையும் ஒரே பாட்டில் சரிக்குச் சரியாக உட்கார்ந்ததற்கு உலகம் முழுவதும் காட்டப்படும் உதாரணம். அந்தப் பாட்டின் ஆசிரியர்கள் வரிசையில் ஒரு மேளக்காரரின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் அங்கே இருப்பது நியாயம். நம்மூர் மேளக்காரர்களுக்கும் அதே நியாயம் கிடைக்க வேண்டும். இதுதான் நான் நிறுவ வந்த கருத்து.

முதலில் பொருளைப் பார்ப்போம். டேனரிக்கு உப்புத்தோலாக வரும் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் போட்டு, மயிர் உதிர்த்து, உட்புறச் சதையை வழித்தெடுக்கிறார்கள். அதுவரை அது பச்சைத்தோல்தான். பிறகு ஆவாரம்பட்டைச் சாற்றிலோ குரோம் உப்பிலோ ஊறும்போதுதான் அழுகாத, மடங்குகிற, மெத்தென்ற தோலாக மாறுகிறது. செருப்புக்கும் பைக்கும் அந்த மென்மை வேண்டும். மேளத்துக்கு அது ஆகாது. மேளம் கட்டுகிறவர் பாதி வழியிலேயே நிறுத்திக்கொள்கிறார். மயிரும் சதையும் போன தோலை ஈரத்தோடு இழுத்துக் கட்டிக் காயவிடுகிறார். விறைத்துக் காய்ந்த அந்தத் தோல்தான் அடித்த அடியைத் திருப்பிச் சொல்லும். எந்த விலங்கின் தோல், உடலின் எந்தப் பகுதி, எவ்வளவு கனம், எத்தனை நாள் ஊறல் என்பதையெல்லாம் விரல் நுனியால் அறிகிற அறிவு இது. டேனரியில் தோல் தரம் பிரிக்கிறவருக்கு உள்ள அதே அறிவு, வேறொரு பயனுக்காகத் திரும்பியிருக்கிறது. பறையை எடுத்துக்கொள்ளுங்கள். வேப்பமரத்தில் மூன்று துண்டுகளை வளைவாகச் செதுக்கி, இரும்புப் பட்டையால் இணைத்து வட்டமாக்கி, கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்துக் கட்டுகிறார்கள். அடிப்பதற்கு முன் வைக்கோல் தீயில் காய்ச்சுகிறார்கள். சூடு ஏற ஏறத் தோல் இறுகி ஒலி மேலேறும். எப்போது போதும் என்று காதுதான் சொல்ல வேண்டும்.

கூபாவின் காங்கா மேளமும் அப்படித்தான் இருந்தது. பீப்பாய்போல மரச் சட்டங்களை அடுக்கிய நெடிய உடல், மேலே மாட்டுத்தோலோ கோவேறு கழுதைத் தோலோ. திருகி முடுக்கும் இரும்பு வளையங்கள் பரவலாவதற்கு முன், தோலை ஆணி அடித்தே பொருத்தினார்கள். சுருதி ஏற்றத் தீயில்தான் காட்டினார்கள். பறைக்கும் காங்காவுக்கும் உறவுமுறை கண்டுபிடிப்பது என் நோக்கமில்லை. அப்படி ஒரு வரலாற்றுத் தொடர்பு இருந்ததாக நான் சொல்லவும் மாட்டேன். ஒரே பொருளைக் கையாண்ட இரண்டு மக்கள் கூட்டம் ஒரே தீர்வுக்கு வந்திருக்கிறார்கள். அதைவிட முக்கியமான ஒற்றுமை, இரண்டு ஊரிலும் தோலைத் தொட்டவர் கீழே வைக்கப்பட்டார் என்பது. ஹவானா நகரத் திருவிழாவில் ஆப்பிரிக்க வழி மக்களின் மேள ஊர்வலங்கள் பல ஆண்டுகள் தடுக்கப்பட்டிருந்தன. 1937இல்தான் அவற்றுக்கு மறுபடி அனுமதி கிடைத்தது. அந்த ஊர்வலங்களில் பெயரெடுத்து வளர்ந்தவர்தான் 1915இல் ஹவானாவில் பிறந்த சானோ போசோ. ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பில் வளர்ந்தவர். இசைக்குறிப்பு எழுதவோ படிக்கவோ தெரியாது.

1947இல் ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி தன் பெரிய வாத்தியக் குழுவுக்கு ஒரு காங்காக்காரரைத் தேடினார். கூபாவிலிருந்து வந்து நியூயார்க்கில் நிலைத்திருந்த மாரியோ பௌசா போசோவைக் கைகாட்டினார். பௌசாவே 1943இல் மாச்சிட்டோ இசைக்குழுவுக்காக 'டாங்கா' என்ற உருப்படியை அமைத்து இந்தக் கலப்புக்கு வழி திறந்தவர். கில்லெஸ்பியின் 'எ நைட் இன் டுனீசியா' அதற்கும் முந்தியது. ஆகவே 'மாண்டேகா' முதல் முயற்சி இல்லை. அது உருவான விதம்தான் நமக்கு முக்கியம். அதைக் கில்லெஸ்பி 1979இல் வெளிவந்த தன் வரலாற்றில் மறைக்காமல் சொல்கிறார். போசோவுக்கு ஆங்கிலம் ஏறக்குறைய வராது, கில்லெஸ்பிக்கு ஸ்பானியம் வராது. போசோ ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியை வாயால் பாடிக் காட்டினார்: பாஸ் இப்படி, சாக்சபோன் இப்படி, ட்ரம்பெட் இப்படி என்று. எல்லாம் ஒரே சுருதிக்கட்டில் நின்று சுழல்கிறவை. இப்படியே விட்டால் பாட்டு நகராது என்று கருதிய கில்லெஸ்பி பியானோவில் உட்கார்ந்து நடுப்பகுதியை அமைத்தார். எட்டுச் சுற்றில் முடிப்பதாகத்தான் நினைப்பு. தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வர வழி கிடைக்காமல் அது பதினாறு சுற்றாக நீண்டுவிட்டது. கில் புல்லர் அனைத்தையும் குழுவுக்கு ஏற்ப எழுதிக் கோத்தார். இயற்றியவர்கள் என்று இன்றும் மூன்று பெயர்கள் சொல்லப்படுகின்றன: கில்லெஸ்பி, போசோ, புல்லர்.

பாட்டைக் காதில் போட்டுப் பார்த்தால் இந்த வரலாறு அப்படியே கேட்கும். தொடக்கத்தில் அல் மெக்கிபனின் பாஸும் போசோவின் காங்காவும். அதன்மேல் பாரிட்டோன் சாக்சபோன் ஒரு துணுக்கைத் திருப்பித் திருப்பி வாசிக்கிறது. மற்ற சாக்சபோன்கள் வேறொரு துணுக்கோடு சேர்கின்றன. உச்சியில் ட்ரம்பெட்டுகள். ஒவ்வொன்றும் தனியே கேட்டால் மிகச் சிறியது. ஒன்று விட்ட இடத்தை இன்னொன்று நிரப்புவதால் எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய மேளம்போல ஒலிக்கின்றன. அதாவது, காற்று வாத்தியங்களையும் போசோ மேளமாகவே நினைத்து அமைத்திருக்கிறார். பிறகு நடுப்பகுதி வந்ததும் நிலம் மாறுகிறது. சுருதிக்கட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகின்றன, பீபாப் என்னும் நவீன ஜாஸ் இசையின் முழுச் செறிவும் வருகிறது, தாளம் ஜாஸ் நடைக்குச் சாய்கிறது. மீண்டும் போசோவின் சுழற்சிக்குள் வந்து விழும்போது கேட்பவருக்கு வீடு திரும்பிய உணர்வு உண்டாகிறது. அந்த வீட்டைக் கட்டியவர் காங்காக்காரர்.

இந்த இசையின் அடியில் யாரும் தனியே தட்டாவிட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும் எலும்புக்கூட்டுக்குக் 'கிளாவே' என்று பெயர். இரண்டு குச்சிகளை ஒன்றோடொன்று தட்டி ஒலிக்கும் ஐந்து அடிகள், பதினாறு மாத்திரைகளுக்குள் சமமற்று விழுகின்றன. நம் சொற்கட்டில் சொன்னால் எளிது: தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி. மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் கை தட்டுங்கள். ஹவானாவின் கிளாவே கேட்கும். முன்பாதியில் மூன்று அடி, பின்பாதியில் இரண்டு. பாட்டுக்குப் பாட்டு இந்தப் பாதிகள் இடம் மாறலாம். நம் ஆதி தாளத்தில் கை போடுவது கணக்கு வைக்க, அதன்மேல் பாட்டு தன்போக்கில் போகலாம். கிளாவேயில் அந்தச் சமமின்மையே சட்டம். பாடுகிறவரும் ஊதுகிறவரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஒரு பாட்டின் சட்டத்தை வகுத்தவரை அந்தப் பாட்டின் ஆசிரியர் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

இங்கே முதல் மறுப்பு எழும். கில்லெஸ்பியின் நடுப்பகுதி இல்லாவிட்டால் அது வெறும் திரும்பத் திரும்ப வரும் துணுக்குதானே, பாட்டாக்கியது அவருடைய சுருதி அறிவுதானே என்பார்கள். நடுப்பகுதி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தப் பதினாறு சுற்றுகள் அழகானவை. ஆனால் அந்த அழகு எதன்மேல் நின்று உண்டாகிறது என்று பாருங்கள். புறப்படுவதற்கும் திரும்புவதற்கும் நிலையான ஓர் இடம் இருப்பதால்தான் அந்தத் தாவல் தாவலாகக் கேட்கிறது. சான்று கில்லெஸ்பியின் வாக்குமூலத்திலேயே இருக்கிறது: அடித்தளம் முதலில் வந்தது, நடுப்பகுதி அதற்காக அமைக்கப்பட்டது. கட்டிய வரிசையே உரிமையின் வரிசை என்று நான் வாதிடவில்லை. இரண்டும் ஆசிரியர்த் தொழில்தான் என்பதே என் வாதம். கில்லெஸ்பி தன் புகழில் பங்கு கொடுத்ததாக இதைச் சிலர் பெருந்தன்மைக் கதையாக்குவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினார்கள், அவ்வளவே. போசோ பதிவுக்கு அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே நியூயார்க்கின் ஹார்லெமில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 33. பெயர் எழுதப்பட்டிருந்ததால் அவர் பாட்டோடு நிலைத்தார்.

நம் பக்கம் வருவோம். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இசைப் படைப்பு என்பதற்குத் தந்த இலக்கணத்தில் இரண்டு சொற்களே இருந்தன: மெலடி, ஹார்மொனி. இவை சேர்ந்தோ, இரண்டில் ஒன்றோ, அச்சிலோ எழுத்திலோ வரைவிலோ பதிந்திருக்க வேண்டும். தாளத்துக்கு அந்த இலக்கணத்தில் இடமே கிடையாது. ஐரோப்பிய இசையை மனத்தில் வைத்து எழுதிய வரையறையை அப்படியே எடுத்து, தாளத்தில் உலகுக்கே பாடம் சொல்லக்கூடிய நாட்டின்மேல் போர்த்தினார்கள். ஹார்மொனி என்பது நம் மரபில் இல்லாத ஒன்று, அதற்கு உரிமை உண்டு. ஆயிரக்கணக்கான நடைகளும் கோர்வைகளும் உள்ள தாளத்துக்கு உரிமை இல்லை! 1977இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு திரையிசை வழக்கு வந்தபோது நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், பாடகரின் கலை இந்தச் சட்டத்தில் பாதுகாப்பில்லாமல் கிடக்கிறதே என்று தனிக்குறிப்பு எழுதி வருந்தினார். 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வரையறை விரிந்து, 'இசையாலான படைப்பு' என்று பொதுவாகச் சொல்லப்பட்டது. எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் போயிற்று. சட்டப்படி இன்று தாளம் அமைத்தவர் உரிமை கோருவதற்குக் கதவு மூடியில்லை. பழக்கம்தான் அந்தப் பக்கமே போகவில்லை.

பழக்கத்துக்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1964இல் ஏவி.எம். தயாரித்து, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய 'சர்வர் சுந்தரம்' படத்தில், ஒலிப்பதிவுக்கூடத்தின் உள்ளேயே படமாக்கப்பட்ட ஒரு பாட்டு இருக்கிறது. 'அவளுக்கென்ன' என்று தொடங்கும் வாலியின் பாட்டு. இசை விசுவநாதன்-ராமமூர்த்தி, குரல் டி.எம். சௌந்தரராஜன், எல்.ஆர். ஈஸ்வரி. தமிழ்த்திரையில் லத்தீன் தாளம் எப்படிக் குடியேறியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. பாங்கோ மேளத்தின் துள்ளல் பாட்டைத் தூக்கி நிறுத்துகிறது. மெட்டோ தமிழ்ச் செவிக்கு முழுக்கச் சொந்தமானது. பாட்டெழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர்கள் எல்லாருடைய பெயரையும் அறுபது ஆண்டு கழித்தும் நாம் மனப்பாடமாகச் சொல்கிறோம். கேமரா நெருங்கிப்போய்க் காட்டுகிற தாளக் கைகள் யாருடையவை? நோயல் கிராண்ட் போன்ற சில தாளக் கலைஞர்களின் பெயர் ரசிகர்களின் தேடலால் இன்று வெளியே தெரிகிறது. மற்றவர்கள் 'குழுவினர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போய்விட்டார்கள். லத்தீன் தாளம் நம் படங்களில் பெரும்பாலும் கிளப் நடனத்துக்கு வந்த மேலைநாட்டு மோஸ்தர்தானே, அதற்கு ஏன் இத்தனை மரியாதை என்று கேட்பவர் உண்டு. கிளப் காட்சிகளுக்கு அது பயன்பட்டது உண்மை. அந்தத் தாளத்தைத் தமிழ் மெட்டின் அடியில் பிசிறில்லாமல் பொருத்துவது மோஸ்தரால் ஆகிற காரியமில்லை. இரண்டு கணக்கையும் உள்வாங்கிய கைகள் அங்கே இருந்தன.

கர்நாடக இசையில் தாளத்துக்குக் கௌரவம் இல்லையா என்பது அடுத்த மறுப்பு. உண்டு. பாலக்காடு மணி ஐயர் 1966இல் மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி ஆனார், மிருதங்கத்துக்கு அந்தப் பட்டம் முதலில் வந்தது அப்போதுதான். அகாதமி தொடங்கிக் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு கழித்து என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிருதங்கத்தில் பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் இருக்கின்றன. அந்தத் தோலைத் தேர்ந்து, மூட்டு கட்டி, வார் இழுத்து, வலந்தலையில் கரணை வைத்து நாதம் உண்டாக்குகிற குடும்பங்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலாக எழுதினார். பெரும்பாலும் தலித் கிறித்தவக் குடும்பங்கள். மணி ஐயரின் மிருதங்க நாதத்துக்குப் பின்னே பர்லாந்து என்ற கைவினைஞரின் காதும் கையும் இருந்ததை அந்த நூல் காட்டியது. நூல் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றதும், விழா வேறிடத்தில் நடந்ததும் அண்மை வரலாறு. ஆக, மேடையில் வாசிக்கும் கைக்கு மதிப்பு வந்தது. அந்தக் கைக்குக் கீழே உள்ள தோலை உயிர்ப்பித்தவருக்கு வரவில்லை. பறையிலும் பம்பையிலும் பல நேரம் கட்டுகிறவரும் அடிக்கிறவரும் ஒரே ஆள், அல்லது ஒரே தெரு. அங்கே இரண்டு மதிப்பும் இல்லை.

இனி வருவதுதான் கனமான மறுப்பு. அது உழைத்த மக்களின் பக்கத்திலிருந்தே வருகிறது. பறை அடிமைத்தனத்தின் சின்னம். சாவுக்கும் தண்டோராவுக்கும் கட்டாயமாக அடிக்க வைத்தார்கள். அதைக் கீழே போட்டால்தான் மானம் என்று அம்பேத்கர் வழி வந்தவர்கள் முடிவெடுத்தார்கள். வட ஆற்காட்டில் அந்த இயக்கத்தின் வேர் ஆழமானது. பறையடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக அடிபட்ட ஊர்கள் தமிழகத்தில் உண்டு. அந்த மறுப்பை நான் முழு மனத்தோடு மதிக்கிறேன். அவர்கள் தூக்கி எறிந்தது கட்டளையை. யாரோ கூப்பிட்டதும் போய், யாரோ சொன்னதை அடித்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்பும் நிலையில் வாசிப்பவருக்குப் பெயர் இல்லை, தேர்வு இல்லை, விலை சொல்லும் உரிமை இல்லை. ஆசிரியர் என்ற நிலை இதற்கு நேர் எதிரானது. எதை அடிப்பது, எப்போது, எவ்வளவுக்கு, யார் பெயரில் என்பதை அவரே சொல்வார். வேண்டாம் என்றும் சொல்வார். மதுரையின் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அந்த மாற்றத்தின் ஒரு முனை தெரிந்தது. பறையை விட்டவர்களின் முடிவும் சரி, அதை உரிமையோடு மீண்டும் கையிலெடுத்தவர்களின் முடிவும் சரி. பெயர் சொல்லாமல் கூப்பிடும் வழக்கம் ஒன்றுதான் தவறு.

தாளம் ஒரு சமூகத்தின் பொதுச்சொத்து, அதைத் தனி ஒருவர் தன்னுடையதென்று எப்படிச் சொல்வது என்றும் கேட்கலாம். போசோ எடுத்தாண்டதும் கூபாவின் ஆப்பிரிக்க வழிச் சமயக் கூட்டங்களின் பொதுத் தாளங்களைத்தான். பொதுவில் கிடந்ததை இந்தப் பாட்டுக்கு இப்படி என்று அடுக்கியது அவர். பல்லவியின் இராகமும் பொதுச்சொத்துதான், அதற்காகக் கீர்த்தனைக்கு ஆசிரியர் இல்லை என்று நாம் சொல்வதில்லையே. செய்யாற்றுப் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் வருவதற்கு ஒரு நடை, திரைக்குள்ளிருந்து துரியோதனன் வெளிப்படுவதற்கு ஒரு நடை என்று மத்தளக்காரர் இரவு முழுக்கத் தீர்மானித்துக்கொண்டே இருக்கிறார். நடை மரபிலிருந்து வருகிறது. இந்த இடத்தில் இதை நிறுத்து, இங்கே தூக்கு என்கிற முடிவு அவருடையது. ஜமா எனப்படும் கூத்துக் குழுவின் பெயரும் வாத்தியாரின் பெயரும் விளம்பரத் தாளில் வருகின்றன. மத்தளம் யார் என்று விடிந்த பிறகு கேட்டால்தான் தெரியும்.

இதை மாற்றப் பெரிய சட்டமோ நிதியோ தேவையில்லை. இந்த மாவட்டங்களில் ஆண்டுதோறும் எத்தனையோ திருவிழாக்கள். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வரும் கூட்டம் உங்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தை நகர்த்துவது மேளம் என்பதும் தெரியும். அடுத்த முறை அழைப்பிதழ் அச்சடிக்கும்போது 'பம்பை, உடுக்கைக் குழுவினர்' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். குழுவில் ஆறு பேர் என்றால் ஆறு பெயரையும் போடுங்கள். அவர்களைக் கேட்டு, மேளத்துக்குத் தோல் கட்டியவரின் பெயரைத் தெரிந்துகொண்டு ஏழாவதாகப் போடுங்கள்.